ரிப்போர்ட் எழுதப் பழக்க வேண்டியது யார்? ஆங்கிலப் பிரிவா, பாடம் எடுப்பவர்களா?

வகுப்பறை_வாசகி (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். கொழும்பில் ஒரு பொறியியல் பீடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன், முதலாம் இரண்டாம் வருடப் பிள்ளைகளுக்கு. செமஸ்டர் முடிந்தால் போதும், பிள்ளைகளுக்கு எழுதத் தெரியாது, ஆங்கிலப் பிரிவு என்னதான் செய்கிறது என்ற பேச்சு தொடங்கிவிடும். நாங்கள் டென்ஸ், பாசிவ் வொய்ஸ், கடிதம், கட்டுரை என்று எங்கள் பாடத்திட்டப்படி முடிக்கிறோம். எங்கள் பரீட்சையில் நல்ல புள்ளி எடுக்கிற பிள்ளையே ஆய்வுகூட அறிக்கை என்று வந்ததும் கோட்டை விடுகிறது.

அப்படி ஒரு அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். கொங்கிரீட் கியூப்பை மெஷினில் வைத்து நசுக்கும் பரிசோதனை. முதலில் கியூப்பை எடுத்தோம், பிறகு துடைத்தோம், பிறகு மெஷினில் வைத்தோம் என்று ஒன்றரைப் பக்கம் போகிறது. இலக்கணப் பிழை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. கடைசியில் பரிசோதனை வெற்றிகரமாக முடிந்தது, கொங்கிரீட்டின் வலிமை நன்றாக இருந்தது என்று ஒரு வரியோடு முடிவுரையும் முடிந்துவிடுகிறது. பக்கத்தில் சிவப்புப் பேனாவால் 'இம்ப்ரூவ் யுவர் இங்கிலிஷ்' என்று எழுதியிருக்கிறது. எனக்கு உறுத்துகிற இடம் அதுதான். ஆங்கிலத்தை எவ்வளவு திருத்தினாலும் அந்த அறிக்கை திருந்தாது. ஆனால் அதில் என்ன குறை என்று சொல்லும் அளவுக்கு எனக்குக் கொங்கிரீட் தெரியாது. கொங்கிரீட் தெரிந்தவருக்கோ, தான் எதிர்பார்ப்பது என்ன என்பதைச் சொல்லத் தெரியவில்லை.

இதை ஒரு சிறிய ஆய்வாகச் செய்யும் யோசனையும் இருக்கிறது. எழுதப் பழக்கும் பொறுப்பு யாருடையது, எங்கிருந்து தொடங்கலாம்? வேலையில் இருப்பவர்களிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும்: நீங்கள் தினமும் எழுதுவது என்ன, அதை யார் உங்களுக்குப் பழக்கினார்கள்?

---

சைட்_எஞ்சினியர்

தங்கச்சி, அந்தக் கியூப் கதையிலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் நான் கிட்டத்தட்ட தினமும் பார்க்கிற தாள் அது.

150 மில்லிமீட்டர் கியூப். கொங்கிரீட் போட்ட அன்றைக்கே அச்சில் நிரப்பி, மறுநாள் அச்சைக் கழற்றித் தண்ணீரில் போட்டு, 7ஆம் நாள் சிலதையும் 28ஆம் நாள் சிலதையும் நசுக்குவோம். ஏன் நசுக்குகிறோம்? சைட்டில் ஒரு தூணோ தளமோ ஏற்கெனவே போட்டாயிற்று, அதை உடைத்துப் பார்க்க ஏலாது, அதனால் அதே கொங்கிரீட்டில் எடுத்த கியூப்பை வைத்து அந்தத் தூண் தேறுமா என்று முடிவெடுக்க வேண்டும். ஆகவே அறிக்கையைக் கையில் எடுத்த ஆள் தேடுவது இவ்வளவுதான்: எந்தத் தூணுக்கு எடுத்தது, எந்தத் தேதியில் போட்டது, என்ன கிரேட், எத்தனையாம் நாள் நசுக்கியது, எவ்வளவு வந்தது, இனி நான் என்ன செய்ய வேண்டும். கிரேட் 30 கொங்கிரீட் என்றால் 28ஆம் நாள் சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் தாங்க வேண்டும்; சாதாரண சீமெந்தில் 7ஆம் நாள் ஏறக்குறைய அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 20 சொச்சம் வரும். 14 என்று வந்தால் உடனே ஒரு கேள்வி எழும்: கலவையில் பிழையா, கியூப்பைச் சரியாகக் குத்தி நிரப்பவில்லையா, தண்ணீரில் போடாமல் வெயிலில் விட்டார்களா? 28ஆம் நாள் வரை பொறுப்பதா, அதற்கிடையில் மேல் தளத்து வேலையை நிறுத்துவதா? இதைப் பற்றி ஒரு வசனமாவது எழுதியிருந்தால்தான் அது அறிக்கை. 'வலிமை நன்றாக இருந்தது' என்பதை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்க முடியாது. 'முதலில் கியூப்பை எடுத்தோம்' யாருக்கும் தேவையே இல்லை.

அந்தப் பிள்ளை ஏன் அப்படி எழுதியது? வாசிக்கிறவர் விரிவுரையாளர் மட்டும்தான் என்பதால். பரிசோதனையைச் செய்தோம் என்று அவருக்கு நிரூபித்தால் போதும், அவர் முடிவெடுக்கப்போகிற தூண் ஒன்றும் இல்லை. ஒப்படையைக் கொடுக்கும்போதே, 'நீ கன்சல்டன்டின் ஆள், நாளைக் காலையில் இரண்டாம் தளத்துக்குக் கொங்கிரீட் போடலாமா இல்லையா என்று புரொஜெக்ட் மனேஜருக்கு ஒரு பக்கத்தில் எழுது' என்று கொடுத்துப் பாருங்கள். அதே ஆங்கிலத்தை வைத்துக்கொண்டே வேறு அறிக்கை வரும்.

எனக்குக் கம்பஸில் யாரும் இதைப் பழக்கவில்லை. ஒரு சீனியர் எஞ்சினியர் என் ரிப்போர்ட்டை வாங்கி, இரண்டாம் பக்கத்தின் கடைசி வரியை வட்டம் போட்டு, 'இதை மேலே கொண்டுவா, மற்றதைக் கீழே தள்ளு' என்பார். வருடக்கணக்காக அதே திருத்தம். பிறகு சார்ட்டருக்கு, அதாவது பட்டய எஞ்சினியர் தகுதிக்கு, என் சொந்த வேலையைப் பற்றி அறிக்கை எழுதிக் கொடுத்து, அதை வைத்தே கேள்வி கேட்டபோதுதான் அவர் செய்துகொண்டிருந்தது என்னவென்று முழுதாக விளங்கியது.

சலஞ்சர் விண்கலம் வெடித்த கதையை உங்கள் பிள்ளைகளுக்குக் கட்டாயம் கொடுங்கள். 1985 ஜூலை 31 அன்றே ரொஜர் போய்ஸ்ஜோலி என்ற எஞ்சினியர் விண்கலத்தின் பூஸ்டர் ரொக்கெட்டைச் செய்த தன் கம்பனியின் மேலிடத்துக்கு, ஓ-ரிங் (ரொக்கெட்டின் மூட்டுகளை அடைக்கும் ரப்பர் வளையம்) பிரச்சினையைக் கவனிக்காவிட்டால் உயிர்ச்சேதம் வரும் என்று ஒரு மெமோ எழுதினார். சுற்றி வளைக்காத, தெளிவான மெமோ. 1986 ஜனவரி 28 அன்று விண்கலம் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். அதற்கு முந்தின இரவு அந்தக் கம்பனி நாசாவுக்கு அனுப்பிய தாள்களில் தரவு இருந்தது, ஆனால் எவ்வளவு குளிரில் வளையம் எவ்வளவு பழுதானது என்பதை எல்லா ஏவல்களுக்கும் சேர்த்துக் காட்டும் ஒரே ஒரு வரைபு இருக்கவில்லை. மேலிடத்து அழுத்தமும் இருந்தது, எழுத்தில் மட்டும் பழி போட முடியாது. ஆனாலும் இந்த மெமோவையும் அந்தத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த பிள்ளை, ரிப்போர்ட் என்றால் ஆங்கிலப் பாடத்தின் வேலை என்று பிறகு நினைக்காது.

---

மூன்றாம்_வருடம்

மிஸ், நான் உங்கள் பீடமா என்று தெரியாது, ஆனால் அந்த அறிக்கையை நான் எழுதியிருக்கலாம், அப்படித்தான் எல்லாரும் எழுதுகிறோம். ஏ.எல் வரை தமிழில் படித்தோம். பௌதிகவியலிலும் இரசாயனவியலிலும் அமைப்புக் கட்டுரை, கட்டுரை என்று பெயர்தான் கட்டுரை, உண்மையில் புள்ளித்திட்டத்தில் இருக்கிற விஷயங்களை ஒன்றும் விடாமல் எழுதுவதுதான் அங்கே பழக்கம். ரியூசனில் சொல்லித் தந்ததும் அதுதான்: எங்கே புள்ளி விழும் என்று தெரிந்து எழுது, தெரிந்த எல்லாவற்றையும் எழுது, எழுதினதற்குப் புள்ளி குறையாது. கம்பஸுக்கு வந்த பிறகு தேவையில்லாததை எழுதினால் குறைப்போம் என்கிறார்கள். இது மாறிவிட்டது என்று எங்களுக்கு யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, புள்ளி குறையும்போது ஆங்கிலம் போதாது என்றுதான் நாங்களும் நினைத்துக்கொள்கிறோம்.

இன்னொன்று. இப்போது முக்கால்வாசிப் பேர் சாட்ஜிபிடியில் போட்டுத்தான் கொடுக்கிறோம். ஆங்கிலப் பிழை ஒன்றும் இருக்காது. ஆனால் போன செமஸ்டரில் ஒரு சேர் எங்கள் பெச்சையே கூப்பிட்டு, 'வடிவாக எழுதியிருக்கிறீர்கள், உங்கள் கியூப்பின் நம்பர் எங்கே, உங்கள் கியூப் ஏன் மூலையில் உடைந்தது, அது எங்கே இருக்கிறது' என்று கேட்டார். ஒருவருக்கும் பதில் இல்லை. அன்றைக்குத்தான் அறிக்கையில் எதை எழுத வேண்டும் என்று ஒருவர் முதல் தடவையாகச் சொல்லித் தந்த மாதிரி இருந்தது.

---

உள்ளகக்_கணக்காய்வு

இதில் பாதிக்கு நான் உடன்படவில்லை. ஆங்கிலம் பிரச்சினையே இல்லை என்ற மாதிரி கதை போகிறது. கொழும்பில் வேலை தேடுகிற தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கிலம் பிரச்சினைதான். கோட்டையிலோ கொள்ளுப்பிட்டியிலோ ஒரு அலுவலகத்துக்கு முதல் ஈமெயில் போடும்போதே பிழை இருந்தால், உள்ளே என்ன அறிவு இருக்கிறது என்று யாரும் நின்று பார்ப்பதில்லை. அது நியாயம் என்று சொல்லவில்லை, நடப்பது அது. ஆகவே தங்கச்சி, இலக்கண வகுப்பைக் கைவிட்டுவிடாதீர்கள்.

மற்றப் பாதி சரி. எங்கள் துறையில் ஒரு குறையை எழுதினால் அதில் ஐந்து விஷயம் இருக்க வேண்டும்: என்ன நடந்திருக்கிறது, என்ன நடந்திருக்க வேண்டும், ஏன் தவறியது, அதனால் என்ன ஆபத்து, என்ன செய்யலாம். புதிதாக வருகிற பிள்ளை 'வங்கிக் கணக்கிணக்கக் கூற்றில் (நம் காசேட்டையும் வங்கிக் கூற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கும் தாள்) கையெழுத்து இல்லை' என்று முதலாவதை மட்டும் எழுதிவிட்டு வரும். சரி, இல்லை, அதற்கென்ன என்று முகாமையாளர் கேட்பார். தயாரித்தவரும் சரிபார்த்தவரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும் என்ற விதி எங்கே இருக்கிறது, லீவில் போனவருக்குப் பதிலாக ஒருவரைப் போடாததால் ஒரே ஆளே இரண்டையும் செய்கிறார், அப்படியே விட்டால் காசு கையாடினாலும் மாதக்கணக்கில் தெரியவராது, இதெல்லாம் வந்தால்தான் கதை முழுதாகும். அந்த ஐந்தில் 'ஏன்' என்பதை எழுத முடியாமல் நிற்கிற பிள்ளை திரும்பப் போய் விசாரிக்க வேண்டிவரும். எழுத உட்காரும்போதுதான் தான் விசாரிக்காதது எது என்றே அதற்குத் தெரியும். இதை எந்த ஆங்கில வகுப்பும் செய்யாது, ஒத்துக்கொள்கிறேன்.

---

எழுத்தாய்வு_அக்கா

உள்ளகக்_கணக்காய்வுத் தம்பி கடைசியாகச் சொன்னதை, எழுதுவதே கற்பதற்கு ஒரு வழி என்று ஜெனட் எமிக் 1977இல் கட்டுரையாகவே எழுதியிருக்கிறார். மூன்றாம்_வருடம் சொன்னதும் புதிதல்ல. இங்கிலாந்தில் ஜேம்ஸ் பிரிட்டனின் குழு பள்ளிப் பிள்ளைகள் பல பாடங்களில் எழுதிய 2000க்கும் மேற்பட்ட எழுத்துகளைச் சேர்த்துப் பார்த்து 1975இல் வெளியிட்டது. யாருக்காக எழுதினார்கள் என்று வகைப்படுத்தினால், பெரும்பகுதி புள்ளி போடப்போகும் ஆசிரியருக்கு. விஷயத்தை ஏற்கெனவே தெரிந்த ஒருவருக்கு, தனக்கும் தெரியும் என்று காட்டுவதற்காக எழுதுவது. உங்கள் கியூப் அறிக்கை அதே இனம். சைட்_எஞ்சினியர் அண்ணா வாசிக்கிற ஆளை மாற்றச் சொன்னது சரியான இடத்தில் கை வைத்த யோசனை.

அமெரிக்காவில் 1970 முதல், எழுத்தை எல்லாப் பாடத்துக்கும் கொண்டுபோவது என்று ஒரு இயக்கமே வளர்ந்தது. அயோவாவில் ஒரு சிறிய கல்லூரியில் பார்பரா வால்வூர்ட் பாட விரிவுரையாளர்களைக் கூட்டி, அவர்கள் கொடுக்கும் ஒப்படைகளைப் பற்றியே பேசவைத்ததைத்தான் தொடக்கமாகச் சொல்வார்கள். கவனியுங்கள், அங்கே முதலில் பேசவைத்தது விரிவுரையாளர்களை. 'யார் பொறுப்பு' என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இதிலிருந்துதான் வருகிறது: படிப்பிக்க வேண்டியவர் பாடத்துக்காரர், ஏனென்றால் எது நல்ல காரணம், எது போதிய ஆதாரம் என்பது அவருக்குத்தான் தெரியும். ஆனால் தனக்குத் தெரிந்ததை அவரால் வெளியே எடுக்க முடியாது, நீந்தத் தெரிந்தவர் கையை எப்படி வீசுகிறார் என்று அவரிடமே கேட்ட கதைதான். அதை வெளியே எடுக்கும் வேலை உங்களுடையது, அது ஆய்வு வேலை.

எப்படி என்று கேட்டால், லீ ஓடெல், டிக்சி கொஸ்வாமி, ஆன் ஹெரிங்டன் மூவரும் 1983இல் எழுதிய ஒரு நேர்காணல் முறை உங்கள் நிலைமைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். ஒருவர் வேலைக்காக உண்மையில் எழுதிய தாளை எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் ஒரு வரியை நீங்கள் வேறு விதமாக எழுதி அவரிடம் காட்டி, 'இந்த இடத்தில் இப்படிப் போட்டால் ஒத்துக்கொள்வீர்களா, ஏன் மாட்டீர்கள்' என்று கேட்க வேண்டும். நல்ல ரிப்போர்ட் எப்படி இருக்க வேண்டும் என்று பொதுவாகக் கேட்டால் தெளிவு, சுருக்கம் என்று எல்லாரும் சொல்வதைத்தான் சொல்வார்கள். 'குறைந்துள்ளது' என்று அவர் எழுதியதை 'தவறிவிட்டது' என்று மாற்றிக் காட்டுங்கள், உடனே துள்ளி எழும்பி, அதை நான் சொல்ல முடியாது, 28ஆம் நாள் வராமல் தவறிவிட்டது என்று எழுதினால் கொன்ட்ராக்டர் சண்டைக்கு வருவார் என்பார். நீங்கள் தேடிக்கொண்டிருந்த அறிவு அந்தப் பதிலில் இருக்கிறது.

ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரைக்கு ஜோன் ஸ்வேல்ஸ் 1990இல் விளக்கிய மூன்று நகர்வுகள் பலருக்கும் தெரியும்: இந்தக் களம் முக்கியம், இங்கே இன்ன இடைவெளி இருக்கிறது, அதை நான் நிரப்புகிறேன். இறுதி வருட ஆய்வுக்கு நல்ல உதவி. ஆனால் அதையே எல்லாத் துறைக்கும் அச்சாக்கி மாணவர் கையில் கொடுக்காதீர்கள், சைட் அறிக்கையில் இடைவெளி தேடுகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இலக்கணம் பற்றி உள்ளகக்_கணக்காய்வு சொன்ன கவலை உண்மையானது. அதற்கு ரிச்சர்ட் ஹாஸ்வெல் 1983இல் எழுதிய சின்ன உத்தி ஒன்று இருக்கிறது: பிழையைத் திருத்தாமல், பிழை உள்ள வரிக்கு நேரே ஓரத்தில் ஒரு அடையாளம் மட்டும் போட்டுத் திருப்பிக் கொடுப்பது. பாதிக்கும் மேற்பட்ட பிழைகளை மாணவர்கள் தாங்களே கண்டுபிடித்துவிட்டார்கள். கொங்கிரீட் விரிவுரையாளருக்கும் இது சுலபம், அவர் இலக்கண ஆசிரியராக வேண்டியதில்லை.

கடைசியாக, நம் ஆளின் வேலையையும் படியுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்த சுரேஷ் கனகராஜா, போர்க்காலத்தில் தாளும் மின்சாரமும் தபாலும் சரியாக இல்லாத இடத்திலிருந்து மேற்கத்தைய சஞ்சிகைகளுக்கு எழுதுவது எப்படிப்பட்ட போராட்டம் என்பதை 2002இல் ஒரு நூலாகவே எழுதினார். எழுத்து மரபு என்று நாம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில் எது அந்தத் துறைக்கு உண்மையிலேயே தேவை, எது வசதியுள்ளவர்கள் வைத்துக்கொண்ட வழக்கம் என்று பிரித்துப் பார்க்க அது கற்றுத்தரும்.

---

வார்டு_டொக்டர்

எல்லாவற்றையும் வாசித்தேன், ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். நாங்கள் எழுதுவதில் முக்கியமானது டயக்னோசிஸ் கார்ட். நோயாளி வீட்டுக்குப் போகும்போது கையில் கொடுக்கிற அந்த ஒரு அட்டை. ஹற்றனிலிருந்து கொழும்புக்கு வந்து வார்டில் இருந்த ஒரு அம்மா, இதயத் துடிப்பு ஒழுங்கில்லாததால் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் குளிசையோடு திரும்பிப் போகிறார் என்று வையுங்கள். அட்டையில் நோயின் பெயரும் குளிசையின் பெயரும் மட்டும் இருந்தால் அங்கே கிளினிக்கில் இருக்கும் டொக்டர் என்ன செய்வார்? எதற்காகத் தொடங்கியது, ஐ.என்.ஆர்., அதாவது இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் எண், எந்த அளவுக்குள் நிற்க வேண்டும் (இந்த நோய்க்கு வழக்கமாக 2 முதல் 3), போகும் நாளில் எவ்வளவு இருந்தது, அடுத்த இரத்தப் பரிசோதனை எந்தத் தேதி, இது நான்கும் இல்லாவிட்டால் இரத்தக் கசிவில் போய் முடியலாம். வாசிக்கிறவர் நம் வார்டில் இருந்ததே இல்லை, நம்மைக் கூப்பிட்டுக் கேட்கவும் அவருக்கு வழியில்லை. இதைச் சொன்னால் எந்த இன்டேர்னுக்கும் உடனே விளங்கும், சொல்லத்தான் ஆள் இல்லை.

லோரன்ஸ் வீட் என்ற அமெரிக்க மருத்துவர் 1968இலேயே, மருத்துவக் குறிப்பு வெறும் பதிவு அல்ல, எழுதுகிறவருக்கே வழிகாட்டிக் கற்பிக்க வேண்டியது என்று எழுதினார். நோயாளி சொன்னது, நாம் பரிசோதித்துக் கண்டது, நம் மதிப்பீடு, அடுத்த திட்டம் என்று நாங்கள் இன்றைக்கும் எழுதுகிற ஒழுங்கு அவரிடமிருந்து வந்ததுதான். மூன்றாவதை எழுதாமல் இரண்டிலிருந்து நாலுக்குத் தாவுகிற குறிப்பைக் கண்டால், அந்த ஜூனியர் ஏன் அந்த மருந்தைக் கொடுத்தார் என்று யோசிக்கவே இல்லை என்று எனக்குத் தெரிந்துவிடும். ஆங்கிலம் அங்கே எங்குமே வரவில்லை.

வார்டில் நாங்கள் கதைத்து முடிவெடுப்பது தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் கலந்துதான், எழுதுவது மட்டும் ஆங்கிலத்தில். உங்கள் பிள்ளைகளையும் முதலில் தமிழில் கதைக்க விடுங்கள். 1860களில் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவரான டொக்டர் கிறீன் மருத்துவத்தையே தமிழில் படிப்பித்திருக்கிறார், கொங்கிரீட்டைப் பற்றி நம் பிள்ளைகள் தமிழில் யோசிக்க முடியாதா?

---

வகுப்பறை_வாசகி

இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. அண்ணா சொன்ன மாதிரி புரொஜெக்ட் மனேஜருக்கு ஒரு பக்கம் என்ற ஒப்படையை அந்த விரிவுரையாளரோடு சேர்ந்து செய்து பார்க்கப் போகிறேன், அவரிடம் கதைத்தேன், ஒரு குழுவுக்கு மட்டும் என்றால் சரி என்றார். முதலில் குழுவாகத் தமிழிலோ சிங்களத்திலோ கதைத்து முடிவெடுப்பது, பிறகு தனித்தனியாக ஆங்கிலத்தில் எழுதுவது. அக்கா, உங்களிடம் ஒரு கேள்வி: அந்த நேர்காணலை விரிவுரையாளர்களோடு செய்வதா, சைட்டில் இருப்பவர்களோடு செய்வதா? சைட் ரிப்போர்ட் கேட்டால் கம்பனிகள் தருமா?

---

எழுத்தாய்வு_அக்கா

இருவரோடும் செய்யுங்கள், அதே ஒரு மாணவர் அறிக்கையை இருவருக்கும் காட்டி. அவர்கள் எங்கே ஒத்துப்போகவில்லையோ அதுதான் உங்கள் ஆய்வின் மையமாக வரும், அநேகமாக 'செய்முறை' என்ற பகுதியில்தான் முதலில் மோதுவார்கள் என்று நினைக்கிறேன். ரிப்போர்ட்டைக் கம்பனியிடம் எழுத்தில் அனுமதி கேட்டு வாங்குங்கள், புரொஜெக்ட்டின் பெயர், ஆட்களின் பெயர், விலை எல்லாவற்றையும் அவர்களே மறைத்துத் தரட்டும். மாணவர் எழுத்துக்கும் கையெழுத்து வேண்டும், அதுவும் புள்ளி போட்டு முடிந்த பிறகு கேளுங்கள், முன்பே கேட்டால் மறுக்கப் பயப்படுவார்கள். ஒழுக்கநெறிக் குழுவுக்கு விண்ணப்பத்தை இப்போதே போட்டுவிடுங்கள், அதற்குத்தான் நாட்கள் இழுக்கும்.

---

சைட்_எஞ்சினியர்

பெயரை மறைத்து முடிந்துபோன வேலையின் கியூப் ரிப்போர்ட்டுகள் சில என்னால் எடுக்க முடியும், மேலிடத்தில் கேட்டுவிட்டு உள்பெட்டியில் எழுதுகிறேன் தங்கச்சி. அதில் ஒன்று 7ஆம் நாள் குறைந்து, 28ஆம் நாள் தேறியது. உங்கள் ஒப்படைக்கு அதைக் கொடுங்கள், 7ஆம் நாள் தாளை மட்டும் முதலில்.